பதில் போட்டது யார்?

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் புகாரை ஆய்வு செய்ததில், குறிப்பிட்ட பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவேறியுள்ளது தெரியவருகிறது. தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. தங்களுக்குச் சேவை செய்யும் வாய்ப்பைத் தொடர்ந்து அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வங்கியிலிருந்து எனக்கு வந்த பதில் இது. வெற்றிகரமாக நிறைவேறியதாக அவர்கள் சொல்லும் அந்தப் பரிவர்த்தனையில் ஏடிஎம் இயந்திரம் நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. வாய் திறக்கவில்லை. திரையில் ஏதோ மன்னிப்பு வாசகம் வந்து மறைந்தது. நான் வெளியே வந்து படியிறங்குவதற்குள் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. இயந்திரம் வேறொரு வங்கியுடையது, கணக்கு என் வங்கியில். புகாரில் நாள், நேரம், இயந்திரம் இருக்கும் தெரு, திரையில் வந்த வாசகம் எல்லாம் எழுதியிருந்தேன். பதிலில் இவற்றில் ஒன்றைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

மறுபடி எழுதினேன். அதே பதில் எழுத்து மாறாமல் வந்தது. மேலே புகார் எண் மட்டும் புதிது. கீழே 'வாடிக்கையாளர் சேவைக் குழு' என்று இருந்தது. அதற்கும் கீழே, இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்ற அறிவிப்பு.

பணம் போனது ஒரு வருத்தம். அதைவிட அந்தப் பதில் என்னைப் புண்படுத்தியது. ஏனென்றால் என் உத்தியோகக் காலத்தில் பெரும்பகுதி நான் செய்த வேலையே புகார்க் கடிதங்களுக்குப் பதில் அடிப்பதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவை பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தமிழ் ஹையரும் இங்கிலீஷ் லோயரும் பாஸ் செய்திருந்தேன். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து கோவைக்கு மில்லுக்கு அடுத்த பிழைப்பு மோட்டாரும் பம்பும்தான். பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி என்று எந்தப் பக்கம் போனாலும் ஃபவுண்டரியும் லேத் பட்டறையுமாக இருக்கும். எங்கள் கம்பெனி பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. ஆனால் கம்ப்ளெயின்ட் செக்‌ஷன் என்று தனியாக ஓர் அறை இருந்தது. அதில் என்னையும், தபால் பதியும் ஒரு கிளார்க்கையும் வைத்து ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வேலை பார்த்தார். அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். கோபி பக்கத்து விவசாயக் குடும்பம். கிணற்றில் இறங்கி வேலை செய்து பழகியவர்.

காலைத் தபால் வந்ததும் கிளார்க் ஒவ்வொன்றின் மேலும் தேதி முத்திரை குத்தி இன்வர்ட் ரிஜிஸ்டரில் ஏற்றுவார். பெரும்பாலும் பதினைந்து காசுக் கார்டும் நீல இன்லண்டும். "கனம் மேனேஜர் அவர்களுக்கு, நலம், நலமறிய அவா. இப்பவும் தங்கள் கம்பெனியில் வாங்கிய 5 ஹெச்.பி. மோட்டார்" என்று தொடங்கும். எழுதத் தெரியாதவர்களுக்காக ஊர் வாத்தியாரோ தபால்காரரோ எழுதிக் கொடுத்த கடிதங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். மாடு கன்று போட்டது, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது எல்லாம் வந்த பிறகு, மூன்றாவது பத்தியில்தான் மோட்டார் வரும். கோபமாக எழுதியவர்களும் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

சார் ஒரு கார்டைக்கூட முழுதாகப் படிக்காமல் பதில் சொல்ல மாட்டார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படிப்பார். 'தண்ணி ஏறலை' என்பது ஒரே புகார் போலத் தெரியும். ஆனால் காரணம் ஏதேதோ இருக்கலாம். ஃபுட் வால்வில் சருகு அடைத்திருக்கலாம். கிளாண்டு தேய்ந்து காற்று இழுக்கலாம். ஒயர் மாற்றிக் கொடுத்ததால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். எல்லாம் சரியாக இருந்து, கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பம்பு மேலே இருந்துகொண்டு உறிஞ்சக்கூடிய ஆழத்துக்கு ஒரு வரம்பு உண்டு, இருபத்தைந்து அடிக்கு மேல் நடைமுறையில் சிரமம். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் எவ்வளவு நல்ல பம்பும் வெறுமனே சுற்றும். அப்போது பம்பைக் கழற்றிக் கிணற்றுக்குள்ளேயே கீழ்த் திட்டுக்கு இறக்க வேண்டும். அதனால் சார் எழுதச் சொல்லும் பதிலில் முதலில் கேள்விகள்தான் இருக்கும். பம்பு இருக்கும் திட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது? ஓட்டும்போது கிளாண்டில் தண்ணீர் சொட்டுகிறதா? நிறுத்தியதும் பைப்பில் தண்ணீர் நிற்கிறதா, கிணற்றுக்கே திரும்புகிறதா? அந்தக் கேள்விகளைப் படித்தாலே, தன் கிணற்றை யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடும்.

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கார்டு இன்றும் மனதில் இருக்கிறது. காயில் இரண்டாம் முறையாக எரிந்துபோனது, மோட்டாரே மோசம், பணத்தைத் திருப்பிக் கொடு என்று கடுமையாக எழுதியிருந்தார். இடமில்லாமல் கார்டின் ஓரத்தில் நெடுக்காக ஒரு வரி, "ராத்திரி எங்க வளவுல லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது." சார் அந்த வரியில்தான் சிவப்புக் கோடு போட்டார். மூன்று ஃபேசில் ஒன்று விட்டுப்போய் மற்ற இரண்டில் மோட்டார் ஓடினால் உறுமிக்கொண்டே சூடேறிக் காயில் எரிந்துவிடும். அதுதான் நடக்கிறது என்று கண்டுகொண்டார். மின்வாரிய ஆபீசுக்கு அவர் என்னவென்று எழுத வேண்டும், ஸ்டார்ட்டரில் எந்த ரிலேயைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கம் சொன்னார். மோட்டாரில் குறை இல்லை, ஆகவே பணம் திருப்பித்தர இயலாது என்பதையும் சொன்னார். ரீவைண்டிங் கூலியில் பாதியைக் கம்பெனி ஏற்கும் என்று மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிச் சேர்த்தார். ஓர வரியைப் படிக்காமல் விட்டிருந்தால் புது மோட்டாரும் எரிந்திருக்கும்.

நான் கார்பன் வைத்து அடித்துக் கொடுப்பேன். அடியில் 'தங்கள் உண்மையுள்ள', அதன் கீழ் அவர் கையெழுத்து, பெயர், பதவி. இடப்பக்க மூலையில் சொன்னவரின் முதலெழுத்து, ஒரு சாய்கோடு, அடித்தவளின் முதலெழுத்து. அன்றைய ஆபீஸ் கடிதங்கள் எல்லாவற்றிலும் இது இருந்தது. தப்பு வந்தால் யார் சொன்னது, யார் அடித்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

அப்படிப் பார்க்கவும் செய்தார்கள். வேட்டி மடிப்பில் எங்கள் கடிதத்தைச் செருகிக்கொண்டு பஸ் ஏறி நேரே வந்துவிடுவார்கள். "இந்தக் கடுதாசி போட்டது யாருங்க?" என்று வாசலில் குரல் கேட்கும். சார் எழுந்து வெளியே போவார். உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, கடிதத்தை நடுவில் விரித்து வைத்துப் பேசுவார். சில சமயம் சண்டை நடக்கும். "ரூம்புல உக்காந்து எழுதுனா ஆச்சுங்களா? வந்து கெணத்தப் பாத்துப்போட்டு எழுதுங்க" என்று ஒருவர் மேஜையைத் தட்டியிருக்கிறார். மறுநாளே மெக்கானிக் டூல் பையோடு பல்லடம் பஸ் ஏறினார்.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது உண்மையும் இல்லை. கார்டு வந்து சேர்ந்து, பதில் போய்ச் சேர்ந்து, மெக்கானிக் வருவதற்குள் வாழையோ மஞ்சளோ வாடிப்போன வீடுகள் உண்டு. இங்கிலீஷில் டைப் செய்து வந்த கடிதம் கட்டின் மேலே ஏறிக்கொள்ளும், பென்சிலில் கிறுக்கிய கார்டு அடியில் கிடக்கும். பதிலே போடாத கம்பெனிகளும் இருந்தன. எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காதவர்களின் குறை எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. வீட்டுக்கு டெலிபோன் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எங்கள் செக்‌ஷனிலிருந்து போன பதில்களிலும் எத்தனையோ 'இயலாது' கடிதங்கள்தான். ஆனால் அந்த 'இயலாது' என்பதற்குக் காரணம் எழுதியிருக்கும், சொன்னவர் பெயர் இருக்கும். காரணம் தப்பு என்று நினைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியும். இந்த வித்தியாசத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சட்டமும் அப்போது மக்கள் பக்கம் பெரிதாக இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 1986 டிசம்பர் 24-ல்தான். அதற்கு முன் ஐந்நூறு ரூபாய் நஷ்டத்துக்கும் சிவில் கோர்ட்டில் வக்கீல் வைத்து அலைய வேண்டும். சட்டம் வந்து சில ஆண்டுகளில் எங்களுக்கு வந்த கடிதங்களின் தொனி மாறியது. 'கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்' என்ற வரி கார்டிலேயே வரத் தொடங்கியது. மேனேஜர் கொஞ்சம் பயந்தார். சார் பயப்படவில்லை. "நாம எழுதுன பதில் சரியா இருந்தா அந்தக் கடுதாசியே நமக்குச் சாட்சி. தப்பா இருந்தா நாம தோத்துத்தான் போகணும்" என்றார்.

1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே. குப்தா என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வீடு கட்டித் தரும் அரசு அமைப்பும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது அதில் ஒரு பகுதி. மற்றொரு பகுதியைத்தான் சார் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அதிகாரிகள் ஒருவரை வேண்டுமென்றே அலைக்கழித்ததற்காக இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான ஆள் யார் என்று கண்டுபிடித்து அவரிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அலைக்கழிப்பு என்பது ஆபீஸ் செய்வதில்லை, ஆபீசில் உள்ள ஒரு மனிதர் செய்வது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டு எழுதிவைத்திருக்கிறது.

இன்றைக்குச் சட்டம் இன்னும் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வீட்டிலிருந்தே இணையத்தில் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்து உதவி கேட்கலாம். தாராபுரத்துக் கார்டுக்காரருக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் கடிதத்தை ஒருவர் படித்தார். எனக்கு இத்தனையும் இருக்கிறது, என் கடிதத்தை ஒருவரும் படிக்கவில்லை.

என் தங்கை மகன் சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். வெளிநாட்டுக் கடை ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குச் 'சாட்'டில் பதில் சொல்லும் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். வங்கிப் பதிலை அவனிடம் காட்டினேன். பார்த்த உடனே, "டெம்ப்ளேட் பெரியம்மா" என்றான். எல்லாப் புகாருக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள் இருக்கும். புகாரின் வகையைத் தேர்ந்தெடுத்தால் பதில் தானாக வந்து விழும், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேரோடு பேச வேண்டும். ஒவ்வொரு புகாரிலும் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று திரை ஓரத்தில் கடிகாரம் ஓடும். மாதக் கடைசியில் அந்தச் சராசரி நேரத்தை வைத்துத்தான் மதிப்பெண். இப்போது பல இடங்களில் வகை பிரிப்பதையும் பதில் போடுவதையும் மென்பொருளே செய்துவிடுகிறதாம்.

"முழுசாப் படிக்கவே மாட்டீங்களாடா?" என்று கேட்டேன்.

"படிச்சிருக்கேன் பெரியம்மா. அந்தம்மாவுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு நல்லாப் புரியும். ஆனா அதுக்கு எங்கிட்ட பட்டன் இருக்காது."

இதைச் சொல்லும்போது அவன் முகம் வாடிவிட்டது. முடிவை மாற்றும் அதிகாரம் அவனுக்கு இல்லை. அதிகாரம் உள்ளவரின் பெயரோ எண்ணோ அவனுக்கே தெரியாது. 'எங்கள் சேவை எப்படி?' என்று கடைசியில் கேட்டு, ஆத்திரத்தில் வாடிக்கையாளர் போடும் ஒற்றை நட்சத்திரம் அவன் கணக்கில்தான் விழும். போனில் யாராவது குரலை உயர்த்தினால் எதிர்முனையில் இருப்பது இப்படி ஒரு பிள்ளைதான் என்பதை நாம் மறக்கக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் சிவப்புப் பென்சில் பிடித்த கைக்கும் கையெழுத்துப் போட்ட கைக்கும் நடுவே சுவர் இல்லை. படித்தவரே முடிவு செய்தார், முடிவு செய்தவரே எதிரில் வந்து நின்றார். இப்போது படிக்கிறவரை ஓர் ஊரிலும், முடிவு செய்கிறவரை இன்னோர் ஊரிலும் வைத்து, இருவரையும் நம் கண்ணில் படாமல் வைத்திருக்கிறார்கள். செலவு குறைகிறது என்பது ஒரு காரணம். யாரையும் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது என்பதும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

சரி, என் பணத்தின் கதை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அந்த இழப்பீட்டையும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கி தானாகவே தர வேண்டும். பணம் வந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. ஒவ்வொரு இயந்திரமும் தான் செய்த வேலையைத் தனக்குள் பதிந்து வைக்கும். பணம் நிரப்புகிறவர்கள் கணக்குப் பார்க்கும்போது, வெளியே வராத நோட்டு உபரியாக நிற்கும். வங்கிகளுக்குள்ளேயே உள் குறைதீர்ப்பாளர் என்ற பதவியும் இருக்கிறது. ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ மறுப்பதற்கு முன் அவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. என் புகார் அவரிடம் போனதா? மின்னஞ்சலில் அதுவும் இல்லை.

கிளைக்கு நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சிஸ்டத்துல குளோஸ்னு காட்டுதுங்க மேடம். இங்கிருந்து எங்களால ஓப்பன் பண்ண முடியாதுங்க" என்றாள். யார் குளோஸ் செய்தது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

வங்கி பதில் சொல்லாமல் 30 நாள் ஆகிவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லா ஊர்க்காரர்களின் கடிதங்களும் சண்டிகரில் உள்ள ஒரே மையத்துக்குப் போகின்றன. எந்த மொழியிலும் எழுதலாம் என்பதால் தமிழிலேயே எழுதினேன். 'பொருள்', 'பார்வை' என்று பழைய முறையில் தலைப்பிட்டு, வங்கியின் பதில்களின் நகலை இணைத்து அனுப்பினேன். பிறகு ஒருநாள் காலையில் 10,000 ரூபாய் வரவானதாகக் குறுஞ்செய்தி வந்தது. அவ்வளவுதான். தாமதத்துக்கான இழப்பீடு வரவில்லை. வெற்றிகரமாக நிறைவேறிய பரிவர்த்தனை எப்படித் தோற்ற பரிவர்த்தனையானது என்று விளக்கி ஒரு வரிகூட வரவில்லை.

"அதுதான் பணம் வந்திருச்சுங்களே, விட்ருங்க மேடம்" என்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. அன்று ஏடிஎம்மில் எனக்குப் பின்னால் ஒரு கட்டடத் தொழிலாளி நின்றிருந்தார். சட்டையெல்லாம் சிமென்ட். அவருக்கும் பணம் வரவில்லை, போனில் செய்தி மட்டும் வந்தது. இங்கிலீஷில் இருந்த அந்தச் செய்தியை என்னிடம் காட்டி, "காசு போயிருச்சுங்களாக்கா?" என்று கேட்டார். வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் வங்கிக்குப் போனால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். என் பரிவர்த்தனை தோற்றது என்று இப்போது ஒப்புக்கொண்டவர்கள், அதே இயந்திரத்தில் அதே நேரத்தில் வேறு யாருக்கெல்லாம் பணம் வரவில்லை என்று பார்த்தார்களா? யாரும் கேட்காமலேயே கொடுக்க வேண்டிய பணம் அது.

வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு இந்த வாரம் கடிதம் எழுதியிருக்கிறேன். இழப்பீட்டைக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களையும் எந்தப் பதிவைப் பார்த்து யார் முடிவு செய்தது, உள் குறைதீர்ப்பாளர் பார்த்தாரா என்று கேட்டிருக்கிறேன். அந்த இயந்திரத்தின் அன்றைய உபரிப் பணம் யார் யாருக்குத் திருப்பித் தரப்பட்டது என்றும் கேட்டிருக்கிறேன், மற்றவர்களின் பெயர் எனக்கு வேண்டாம், தந்தாயிற்று என்று எழுதினால் போதும். பதிலைப் பெயரும் பதவியும் போட்டு ஒருவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாகவே வைத்தேன். ஸ்பீட் போஸ்ட்டில் போட்டு ரசீதை ஃபைலில் சேர்த்தாயிற்று. 30 நாளுக்குள் வராவிட்டால் மறுபடியும் சண்டிகருக்கு எழுதுவேன்.